வண்டி கிளம்ப மறுத்தால் முதலில் ஆராய வேண்டியது எது?

விளைந்த பொருளும் நெய்த துணியும் விற்குமிடத்தை உரிய காலத்தில் சென்றடைந்தாலன்றி அவற்றால் முழுப் பயன் இல்லை என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். பாலக்கோட்டுச் சந்தைக்குப் போக வேண்டிய தக்காளி ஒரு பொழுது தாமதித்தால் நிறம் கனிந்து விலை இறங்கிவிடுகிறது. தருமபுரிப் பட்டுக்கூட்டு அங்காடிக்குச் செல்ல வேண்டிய கூடுகளின் நிலை இன்னும் கடினமானது. கூட்டைப் பறித்தபின், உள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகித் துளைத்துக்கொண்டு வெளிவருவதற்குள் அதை விற்றாக வேண்டும். துளைபட்ட கூட்டிலிருந்து அறாத இழை எடுக்க இயலாது. நெசவாளர் சங்கத்திற்கு நூல் கட்டு வந்து சேரத் தாமதித்தாலோ, அன்று தறி சும்மா நிற்கிறது, கூலியும் நிற்கிறது.

இவ்வளவும் ஒரு வண்டி காலையில் கிளம்புவதைப் பொறுத்திருக்கிறது. நம்மவரிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகளே. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்கள், டீசல் ஜீப்புகள், சிறு சரக்கு வண்டிகள், இருபது முப்பது ஆண்டு உழைத்த டிராக்டர்கள் ஆகியவற்றை இன்றும் பலர் வைத்திருக்கின்றனர். இவற்றுள் ஒன்று கிளம்பாதபோது நடப்பது என்ன? ஒருவர் பாட்டரி போய்விட்டது என்கிறார். இன்னொருவர் செல்ப் மோட்டார் எரிந்துவிட்டது என்கிறார். மூன்றாமவர் டீசல் பம்ப்பைக் கழற்றச் சொல்லுகிறார். புதுப் பாட்டரி வாங்கிப் பூட்டிய பிறகும் வண்டி கிளம்புவதில்லை. கடைசியில் துருப்பிடித்த ஒரு கம்பி முனையைச் சுரண்டித் துடைத்ததும் கிளம்பிவிடுகிறது. பாட்டரிக்குக் கொடுத்த பணம் வீண். சந்தை தவறியதும் வீண்.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்கப் பெரிய பொறியியல் கல்வி வேண்டுவதில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பின்னர்ப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும். அந்த வரிசையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இல்லாத பழைய வண்டிகளுக்கே இங்குக் கூறுவன பெரிதும் பொருந்தும்.

முதற் கேள்வி: என்ஜின் சுழல்கிறதா?

"வண்டி கிளம்பவில்லை" என்று நாம் ஒரே சொற்றொடரால் குறிப்பது உண்மையில் இரண்டு வேறு நோய்களை. சாவியைத் திருப்பியும் என்ஜின் சுழலவே இல்லை என்பது ஒன்று. என்ஜின் நன்றாகச் சுழன்றும் தீப்பற்றி ஓடவில்லை என்பது மற்றொன்று. முன்னது பாட்டரி, கம்பிகள், செல்ப் மோட்டார் ஆகியவற்றைச் சேர்ந்தது. பின்னது எரிபொருள், காற்று, தீ ஆகியவற்றைச் சேர்ந்தது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. சுழலாத என்ஜினுக்கு டீசல் வடிகட்டியை மாற்றுவதும், நன்கு சுழலும் என்ஜினுக்குப் புதுப் பாட்டரி வாங்குவதும், தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போன்றவையே.

முற்காலத்தில் இவ்விரண்டையும் ஒருவரும் குழப்பிக்கொள்ளவில்லை. அப்போது வண்டியின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி, மனிதனே என்ஜினைச் சுழற்றினான். சுழற்ற முடிந்ததா இல்லையா என்பது அவன் கைக்கே தெரிந்தது. கைப்பிடி எதிர்த்து அடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டரை 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் பொருத்தினார்கள். அதுமுதல் அந்த அபாயம் சிறிது சிறிதாக நீங்கியது. ஆனால் சுழற்றும் வேலையும் தீமூட்டும் வேலையும் அதன்பின் ஒரே சாவிக்குள் மறைந்துகொண்டன. எனவே கை அறிந்ததை இன்று நாம் காதால் அறிய வேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அருகிலுள்ளோர் பேச்சை நிறுத்திக் கூர்ந்து கேட்பதே ஆராய்ச்சியின் முதற்படி.

விளக்கு எரிந்தால் பாட்டரி நல்லதென்று பொருளா?

என்ஜின் சுழலாதபோது பலர் முதலில் முன்விளக்கைப் போட்டுப் பார்க்கின்றனர். அது நன்கு எரிந்தால், "பாட்டரியில் குறையில்லை, செல்ப் மோட்டாரில்தான் குறை" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இந்த முடிவு பெரும்பாலும் தவறு. ஏன் என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு டீசல் என்ஜினைச் சுழற்றும் செல்ப் மோட்டாரோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். அதாவது விளக்குகளைப் போல இருபது மடங்குக்கு மேல். பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்பினாலோ, தளர்ந்த திருகினாலோ, ஓம் என்னும் அளவில் ஐம்பதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கின் 9 ஆம்பியர் அத்தடையைக் கடக்கும்போது இழக்கும் அழுத்தம் 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. விளக்கு மங்குவதைக் கண் காணாது. அதே தடையை 200 ஆம்பியர் கடக்கும்போது 4 வோல்ட் பாழாகிறது. 12 வோல்ட்டில் 4 போய்விட்டால் மிச்சமுள்ளதைக் கொண்டு செல்ப் மோட்டார் என்ஜினை அசைக்க மாட்டாது.

ஒற்றையடிப் பாதையில் ஒரு மனிதன் தடையின்றி நடந்துவிடுவான். திருவிழாக் கூட்டம் அதே பாதையில் நுழைந்தால் நெரிசலில் நின்றுவிடும். பாதையின் குறுகல் தனிமனிதனுக்குத் தெரிவதில்லை, கூட்டத்துக்கே தெரிகிறது. விளக்கு அந்தத் தனிமனிதன். செல்ப் மோட்டார் அந்தக் கூட்டம். ஆகவே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சாவியைத் திருப்பும் அந்தக் கணத்தில் விளக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். உண்மை அங்கேதான் வெளிப்படும்.

ஒலியும் ஒளியும் சொல்லும் செய்தி

முன்விளக்கை எரியவிட்டு ஒருவர் வண்டியின் எதிரில் நிற்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்க, கைப்பிரேக் போட்டிருக்க, மற்றொருவர் சாவியைத் திருப்பட்டும். அப்போது காணக்கூடியவை இவை:

1. விளக்கே எரியவில்லை, ஒலியும் இல்லை. பாட்டரி முற்றிலும் வடிந்திருக்கலாம். அல்லது பாட்டரி முனை, பெரிய கம்பி இவற்றுள் ஒன்று அறுந்தோ கழன்றோ இருக்கலாம்.

2. விளக்கு எரிகிறது, சாவியைத் திருப்பியதும் மிகவும் மங்குகிறது அல்லது அணைகிறது. மின்சாரம் செல்ப் மோட்டாரை நோக்கிச் செல்ல முயல்கிறது, ஆனால் போதவில்லை. பாட்டரி பலவீனமாக இருக்கலாம், முனைகளில் தடை இருக்கலாம், அரிதாக என்ஜினோ மோட்டாரோ இறுகி நிற்கலாம்.

3. "டிக்டிக்டிக்" என்று விரைவான தட்டொலி கேட்கிறது. செல்ப் மோட்டாரின் மேலுள்ள சாலனாய்டு மூடுகிறது; மூடியதும் அழுத்தம் விழுந்து திறக்கிறது; மீண்டும் மூடுகிறது. இது பெரும்பாலும் வடிந்த பாட்டரியின் குரல், அல்லது அழுக்கேறிய முனையின் குரல்.

4. "டக்" என்று ஒரே ஒலி. விளக்கு அவ்வளவாக மங்கவில்லை. சாலனாய்டு மூடியும் அதன் உள்ளே உள்ள செப்புத் தகடுகள் தேய்ந்தோ கருகியோ மின்சாரத்தைக் கடத்தவில்லை, அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன.

5. ஒலியே இல்லை, விளக்கும் சிறிதும் மங்கவில்லை. கட்டளையே மோட்டாரைச் சென்றடையவில்லை. சாவிச் சுவிட்ச், அதிலிருந்து சாலனாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் கியர் நியூட்ரலில் இல்லாவிட்டாலோ, கிளட்சை மிதிக்காவிட்டாலோ மின்சாரம் செல்லாதபடி காப்புச் சுவிட்ச் உண்டு. அதை மறந்து மோட்டாரைக் கழற்றியவர்கள் பலர்.

6. மோட்டார் மட்டும் "விர்" என்று சுழல்கிறது, என்ஜின் அசையவில்லை. பெண்டிக்ஸ் எனப்படும் சிறு பற்சக்கரம் முன்னே சென்று பிளைவீலின் பற்களைப் பற்றவில்லை. சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பற்கள் தேய்ந்திருக்கலாம். இதற்குப் பட்டறையே வழி.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் ஒட்டி வைத்தல் நலம். ஓட்டுநர் பட்டறைக்குத் தொலைபேசியில் "வண்டி கிளம்பவில்லை" என்று சொல்லாமல், "ஒரு முறை டக் என்கிறது, விளக்கு மங்கவில்லை" என்று சொன்னாலே, மெக்கானிக் எந்தக் கருவியோடு வரவேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.

முதலில் துடைத்தல், பிறகு அளத்தல், கடைசியில் வாங்குதல்

இரண்டு, மூன்று என்று மேலே குறித்த அடையாளங்கள் தோன்றினால் பாட்டரி வாங்கக் கிளம்புமுன் முனைகளைத் துடைக்க வேண்டும். உடலோடு பிணைத்த முனையை, பெரும்பாலான வண்டிகளில் எதிர்முனையை, முதலில் கழற்ற வேண்டும். மீண்டும் பூட்டும்போது அதையே கடைசியில் பூட்ட வேண்டும். இல்லையேல் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுப் பெருந்தீப்பொறி உண்டாகும். ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பூத்த உப்பு நுரைத்துக் கழன்றுவிடும். அக்கரைசல் பாட்டரிக்குள் போகாதபடி மூடிகளை இறுக மூடியிருக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

இங்குப் பலர் மறப்பது எர்த் கம்பியின் மறுமுனையை. மின்சாரம் நேர்முனையிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. என்ஜினின் உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பியும் வரவேண்டும். என்ஜின் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருப்பதால், என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையே பின்னல் கம்பி ஒன்று இணைத்திருக்கும். வண்டிக்குப் புது வர்ணம் அடிக்கும்போது இந்த இணைப்பின் கீழும் வர்ணம் புகுந்துவிடுவதுண்டு. வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தையும் சுரண்டிப் பூட்டுதல் அவசியம்.

அடுத்தது அளத்தல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டி மீட்டர் ஒன்று சங்கத்திலோ வண்டியிலோ இருக்க வேண்டும். கீழ்க்கண்ட நான்கு அளவுகள் போதும்.

முதலாவது, ஓய்வில் உள்ள பாட்டரி. இரவு முழுதும் நின்ற வண்டியில் பாட்டரியின் இரு முனைகளிடையே 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழ் என்றால் சார்ஜ் ஏற்றியே தீரவேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் 10.5 அளவிலேயே நின்றால், 2.1 வோல்ட் வீதமுள்ள ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். இந்த நிலையில்தான் புதுப் பாட்டரி வாங்குவது நியாயம்.

இரண்டாவது, சாவியைத் திருப்பும்போது பாட்டரி முனைகளில் நிற்கும் அழுத்தம். அது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருக்க வேண்டும். நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரியும் இங்கே சரிந்து விழுந்தால் அதன் வலிமை போய்விட்டது எனக் கொள்ளலாம். மோட்டார் இறுகி அளவுக்கு மீறி இழுப்பதாலும் அவ்வாறு நேரலாம்.

மூன்றாவது, வழியில் பாழாவது எவ்வளவு என்பது. மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனை ஈயத்திலும், மற்றதை என்ஜினின் வர்ணமற்ற இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் குறை. அதுபோலவே நேர்முனைக்கும் செல்ப் மோட்டாரின் பெரிய திருகுக்கும் இடையே 0.5க்கு மேல் காட்டினால் அந்த வழியில் குறை. பாட்டரியில் 11 வோல்ட் இருக்க, மோட்டாரில் 7தான் சேர்கிறது என்று தெரிந்துவிட்டால், பாட்டரியும் குற்றவாளி அன்று, மோட்டாரும் குற்றவாளி அன்று, வழிதான் குற்றவாளி.

நான்காவது, என்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் உள்ள அழுத்தம். 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 12.5 அளவிலேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ டைனமோவோ பாட்டரியை நிரப்பவில்லை. வார் தளர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். இந்தக் குறையை நீக்காமல் புதுப் பாட்டரி பூட்டினால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசி வெயிலில் பாட்டரியின் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் தகடுகள் வெளிப்பட்டுக் கெடுகின்றன. ஆனால் கெட்டது அப்போது தெரிவதில்லை. மார்கழி, தைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகி என்ஜின் சுழலக் கடினமாகும்போது, பாட்டரியின் வலுவும் குறையும்போது, அக்குறை வெளிப்படுகிறது. வத்தல்மலை போன்ற மேட்டுப் பகுதிகளில் இரவில் வண்டியை நிறுத்துவோர் இதை நன்கு அறிவர். ஆகையால் பாட்டரி நீரைப் பார்க்க வேண்டிய காலம் மார்கழி அன்று, சித்திரை. டிஸ்டில்ட் வாட்டரே ஊற்ற வேண்டும். நம் மாவட்டக் கிணற்று நீரில் உப்பு அதிகம். அது தகடுகளுக்குப் பகை.

சுழல்கிறது, ஆனால் ஓடவில்லை: டீசல் வண்டிகள்

இனி இரண்டாவது நோய். என்ஜின் வேகமாகச் சுழல்கிறது, தீப்பற்றவில்லை. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை நெருக்கும்போது அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் கொதிக்கிறது. அதில் தெளிக்கும் டீசல் தானே எரிகிறது. ருடால்ப் டீசல் 1897இல் ஓட்டிக்காட்டிய என்ஜினின் தத்துவம் இன்றும் இதுவே. எனவே வேண்டியவை மூன்று: போதிய வேகத்தில் சுழற்சி, போதிய சூடு, காற்றுக்குமிழி இல்லாத டீசல்.

இவற்றுள் எது குறைவு என்பதைப் புகைக்குழாய் கூறிவிடும். சுழற்றும்போது புகையே வரவில்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அதாவது சூடு போதவில்லை.

புகை வராவிட்டால் முதலில் டாங்கில் டீசல் உண்டா என்று பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், முள் காட்டுவது பழைய வண்டிகளில் நம்பத்தக்கதன்று. அடுத்து, என்ஜினை நிறுத்துவதற்காக இழுக்கும் ஸ்டாப் கம்பி முழுவதும் திரும்பிச் சென்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பம்ப்புகளில் கம்பிக்குப் பதிலாக மின்சார வால்வு உண்டு. சாவியைப் போடும்போது அது "டக்" என்று ஒலிக்க வேண்டும். அதன் மெல்லிய கம்பி கழன்றிருந்தால் வண்டி ஓடாது.

இவை சரியெனில் டீசல் வழியில் காற்று பிடித்திருக்கலாம். டாங்க் வற்றி ஓடியதாலும், வடிகட்டி மாற்றியதாலும், வெடித்த குழாய் வழியாகவும் காற்று புகும். காற்று நெருங்கிக் கொடுக்கும் இயல்புடையது; டீசல் அவ்வாறன்று. பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் இடையிலுள்ள காற்று சுருங்கி விரிகிறதேயன்றி, இஞ்செக்டர் திறப்பதில்லை. காற்றை நீக்கும் முறை எளிது. வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு குமிழியற்ற டீசல் வரும். அப்போதே, அழுத்தத்தை விடாமல், திருகை இறுக்க வேண்டும். அதன்பின் டீசல் பம்ப்பின் மேலுள்ள திருகிலும் இவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக இஞ்செக்டர்களுக்குச் செல்லும் குழாய் முடிச்சுகளைத் தளர்த்திச் சுழற்றினால், அங்கு டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். அந்தக் குழாய்களில் டீசல் மிகுந்த அழுத்தத்தில் பாயும். அதன் பீச்சலில் விரலை வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து பெருந்தீங்கு செய்யும். பார்க்க வேண்டியது கண்ணால் மட்டுமே.

வெண்புகை வந்தும் எரியாவிட்டால் ஹீட்டர் பிளக்குகளை ஆராய வேண்டும். டீசல் அம்பாசிடர்களிலும், பியூஜோ வகை என்ஜின் பொருத்திய பழைய மகிந்திரா ஜீப்புகளிலும் இவை உண்டு. பல டிராக்டர் என்ஜின்களுக்கு இவை தேவையில்லை. பிளக்கின் முனையில் 12 வோல்ட் வருகிறதா, பிளக்கினுள் கம்பி அறுந்திருக்கிறதா என்று மீட்டரால் பார்த்துவிடலாம். பிளக்குகள் நன்றாக இருந்தும் காலையில் மட்டும் கிளம்ப மறுத்தால், பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் தேய்ந்து காற்று நெருங்கவில்லை என்று ஐயுற வேண்டும். அது பட்டறையில் செய்யவேண்டிய பெரிய வேலை.

பெட்ரோல் வண்டிகள்

பழைய பெட்ரோல் வண்டியில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியைப் பூட்டி, பிளக்கின் உடலை என்ஜின் இரும்பில் ஒட்டவைத்துச் சுழற்றினால் நீலநிறத் தீப்பொறி தெரிய வேண்டும். பிளக்கை வெறுங்கையால் பிடித்தலும், பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்தலும் கூடா. தீப்பொறி இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டுகளைப் பார்க்க வேண்டும். அவை கருகியிருக்கலாம், அல்லது இடைவெளி மாறியிருக்கலாம். அம்பாசிடர் போன்ற வண்டிகளில் அவ்விடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை. மழைக்காலத்தில் மூடியினுள் ஈரம் கோத்திருப்பதும் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

தீப்பொறி உண்டு, பிளக் உலர்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. பிளக் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. சோக்கை விட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துச் சிறிது சுழற்ற வேண்டும்.

புதிய காரணம் ஒன்றும் இன்று சேர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காடு என்ற அளவை எட்டிவிட்டது. அக்காலத்து ரப்பர் குழாய்களும் பம்ப்பின் சவ்வுகளும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, வெடித்து, கசியத் தொடங்குகின்றன. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க் அடியில் நீர் தங்கும். ஆகவே பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் எத்தனால் தாங்கும் குழாய்களுக்கு மாறுவதும், வண்டியை நெடுநாள் அசையாமல் நிறுத்தாமலிருப்பதும் நல்லது.

செய்யத்தகாதவை

செல்ப் மோட்டார் கெட்ட வண்டியைத் தினமும் சரிவில் நிறுத்தி உருட்டிக் கிளப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. சமதரையில் நாலுபேர் தள்ளுவது வேறு. தொப்பூர்க் கணவாய் போன்ற இறக்கத்தில் என்ஜினை நிறுத்திய வண்டியை உருட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். பல வண்டிகளில் பிரேக்குக்குத் துணைவலிமை தருவது ஓடும் என்ஜினே. என்ஜின் ஓடாதபோது இரண்டொரு முறை மிதித்தபின் பிரேக் கல்லாகிவிடும். காற்றுப் பிரேக் உள்ள வண்டிகளில் காற்றே நிரம்பாது. அபாயம் ஒருபுறமிருக்க, சரிவில் நிறுத்தும் வழக்கம் நோயை மறைத்து வளர்க்கிறது. சரிவில்லாத ஊரில் வண்டி நின்ற அன்றே அது தெரியவரும்.

மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுக்கும்போது வரிசை முக்கியம். இரண்டும் 12 வோல்ட்தானா, இரண்டிலும் எதிர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மிகப் பழைய ஜீப்புகள் சிலவற்றில் 6 வோல்ட் பாட்டரி உண்டு; பழைய ஆங்கில மாதிரிக் கார்கள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். பொருத்தமாயின், சிவப்புக் கம்பியை முதலில் வடிந்த பாட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் பூட்டவேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் பூட்டி, அதன் மறுமுனையை வடிந்த பாட்டரியில் பூட்டாமல், பாட்டரிக்குத் தொலைவிலுள்ள என்ஜின் இரும்பில் பூட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி எழும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது. பாட்டரி அருகே பீடி, சிகரெட்டு, தீக்குச்சி எதுவும் ஆகாது.

செல்ப் மோட்டாரைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. ஒருமுறை சுழற்றியபின் அரை நிமிஷமேனும் ஆறவிட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஈதர் தெளித்துக் கிளப்புவதும் தகாது. பழுத்த பிளக்கில் பட்டு அது வெடித்தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே சுழற்றுவதும் தவறு. சிலிண்டரினுள் நீர் இருந்தால் கம்பித்தண்டு வளைந்துவிடும்.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் மீட்டர் வாங்கிப் பழகுவதைவிடச் சங்கமே அதைச் செய்வது எளிது. மீட்டர், இணைப்புக் கம்பி, கம்பித் தூரிகை, ஸ்பேனர்கள், டிஸ்டில்ட் வாட்டர் ஆகியவை அடங்கிய ஒரு பெட்டி சங்கக் கட்டடத்தில் இருந்தால் அங்கத்தினர் வண்டிகள் யாவற்றிற்கும் பயன்படும். பட்டறை தொலைவிலுள்ள பென்னாகரம், அரூர்ப் பகுதிக் கிராமங்களுக்கு இது பேருதவியாகும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, மாதம் ஒருமுறை மேற்கூறிய நான்கு அளவுகளையும் தேதியிட்டு எழுதி வரலாம். ஓய்வில் 12.6 காட்டிய பாட்டரி 12.4 ஆகி, 12.2 ஆவதை அந்த ஏடு முன்கூட்டியே காட்டும். அப்போது சந்தையில்லாத ஒருநாள் பார்த்துப் பழுதை நீக்கிக்கொள்ளலாம்.

ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று யார் கூறினாலும், "எந்த அளவைப் பார்த்து இம்முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. நல்ல மெக்கானிக் அக்கேள்வியை விரும்புவார். மீட்டரை வைத்துக் காட்டுவார். சங்கத்தின் செலவுச் சீட்டிலும் அந்த அளவைக் குறித்து வைப்பது முறை. சுழல்கிறதா, சுழலவில்லையா என்று முதலில் கேட்டு, துடைத்து, அளந்து, அதன் பின்னரே பணப்பையைத் திறப்போமாக.